பவளத்தொட்டியில் மருந்து ஊற்றாமல் வெண்புள்ளி நோயை நீக்கிய முறை

சிங்கப்பூரை விட்டு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர், தம்முடைய 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியை அதில் வாழ்ந்த உயிர்கள் அனைத்தோடும் என் பொறுப்பில் விட்டுச் சென்றார். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு இளம் ப்ளூ டாங், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு மாண்டரின் ஆகியவை அதிலிருந்த மீன்கள். மீன்களைவிட மற்ற உயிர்களே அதிகம்: மென்பவளங்கள், கிளைவிட்டு வளர்ந்த சில கற்பவளங்கள், ஒரு பபிள் டிப் கடற்சாமந்தி (அனிமோன்), இரண்டு கிளீனர் இறால்கள், துறவி நண்டுகள், எண்ணற்ற நத்தைகள், பாறை இடுக்குகளில் குழாய்ப்புழுக்கள். வீடு மாற்றிய களைப்பு தீருமுன் ப்ளூ டாங்கின் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. மீன்களைக் காப்பாற்றும் பெரும்பாலான மருந்துகள் பவளத்தையும் இறாலையும் கொல்லும் என்பதால், மருந்தை எங்கே இடுவது, எங்கே இடக்கூடாது என்பதே இங்கு முதல் கேள்வியாகிறது. நான் பின்பற்றிய முறையைக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது எந்த நோய் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. உப்புக்கல்லைத் தூவியது போன்ற, ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் துடுப்புகளிலும் விலாவிலும் இருந்தன. காலையில் இருந்த புள்ளி ஓரிரு நாளில் மறைந்து வேறிடத்தில் புதிய புள்ளி தோன்றியது. இந்த இடமாற்றம் முக்கியமான அடையாளம். நச்சுயிரியால் வரும் லிம்ஃபோசிஸ்டிஸ் முடிச்சுகள் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும். வெல்வெட் எனப்படும் அமைலோஊடினியம் தாக்கினால் புள்ளிகளாக இராமல் மிக நுண்ணிய, பொன்னிறம் தோய்ந்த படலமாகத் தெரியும். மீன் மூச்சுத் திணறி, பம்பு நீரைத் தள்ளும் இடத்துக்கு எதிரே சென்று நிற்கும், சில நாள்களுக்குள் இறந்தும் விடும். கோமாளி மீன்களைத் தாக்கும் புரூக்லினெல்லாவில் தோலின் சளி திட்டுத்திட்டாக உரியும். இவற்றில் எதுவும் இங்கு இல்லை. டாங் பாறையில் உடலை உரசிக்கொண்டது, மூச்சு சற்றே விரைந்தது, ஆனால் இரையெடுத்தது. எனவே இது கடல்நீர் வெண்புள்ளி நோய், அதாவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியின் தாக்குதல் என்று முடிவு செய்தேன். வெல்வெட்டாக இருந்திருந்தால் நான் எடுத்த வழி பயன்பட்டிருக்காது என்பதால், இந்த வேறுபாட்டை அறிவதில் செலவிட்ட நேரம் வீணன்று.

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று தெரிந்தால்தான் மற்ற எதுவும் விளங்கும். நாம் காணும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து திசுவைத் தின்று வளரும் நிலை. அங்கே அது 3 முதல் 7 நாள் வரை இருக்கும். தோல் அதை மூடியிருப்பதால் நீரில் கலந்த எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது. வளர்ந்தபின், பெரும்பாலும் இருள் நேரத்தில், மீனைவிட்டு வெளியேறி, சில மணி நேரம் அடித்தளத்தில் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ நத்தை ஓட்டிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறுதியான கூடு ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பலமுறை பிளந்து நூற்றுக்கணக்கான நீந்தும் உயிரிகளாகப் பெருகுகிறது. கூடு திறக்கக் குறைந்தது 3 நாள் ஆகும். வெப்பநிலையைப் பொறுத்து 28 நாள் வரையும், அரிதாக அதைக் கடந்தும் நீளும். வெளிவரும் நீந்தும் உயிரிகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டடையாவிட்டால் இறந்துவிடும். அவற்றால் இறாலையோ பவளத்தையோ நண்டையோ தொற்ற முடியாது. எலும்புள்ள கடல்மீன் மட்டுமே அவற்றின் உணவு.

செம்பு, குறைந்த உப்பு நீர், குளோரோகுயின் ஆகிய மூன்றும் வெண்புள்ளிக்கு நன்றாக வேலை செய்பவை. மூன்றும் பவளத்தொட்டிக்கு ஆகாதவை. செம்பு அயனியை லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை நிலையாக வைத்திருந்தால் நீந்தும் உயிரிகள் அழியும். ஆனால் அந்த அளவிலேயே இறாலும் நத்தையும் கடற்சாமந்தியும் மடியும். அதைவிடக் கவலை தருவது, சுண்ணாம்பாலான பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாகக் கசியவிடும் என்பதே. ஒருமுறை செம்பு இட்ட பாறையை நம்பி மீண்டும் பவளம் வளர்ப்பது கடினம். உப்பின் அளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தியை 1.009 வரை இறக்கும் முறையில் மீன்கள் தாக்குப்பிடிக்கும், ஏனெனில் தம் உடலின் உப்புச் சமநிலையை அவை தாமே காத்துக்கொள்கின்றன. பவளமும் நட்சத்திர மீனும் இறாலும் அப்படிச் செய்ய இயலாதவை. சுற்றியுள்ள நீரின் உப்பு பெருமளவு குறைந்தால் அவற்றின் செல்களில் நீர் புகுந்து வீங்கும். குளோரோகுயின் பாசிகளைத் தாக்குவதால், தமக்குள் பாசியை வைத்து உணவு பெறும் பவளங்களுக்கு அது தீங்கானது.

பவளத்துக்குத் தீங்கில்லை என்று கூறி விற்கப்படும் மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிளகுச் சாறு, பூண்டுச் சாறு, இன்னும் பல தாவரச் சாறுகள் இப்பெயரில் கிடைக்கின்றன. அவற்றை ஊற்றிய சில நாளில் புள்ளிகள் மறைந்ததாகப் பலர் மனமார நம்புகிறார்கள். ஒன்றும் ஊற்றாவிட்டாலும் புள்ளிகள் ஒரு வாரத்துக்குள் மறையும்; ஒட்டுண்ணி மீனை விட்டிறங்கிக் கூடு கட்டப் போயிருக்கிறது, அவ்வளவே. அடுத்த அலை கூட்டைவிட்டு வரும்போது புள்ளிகள் பல மடங்காகத் திரும்பும். தாக்குதலில் பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகும் என்பதும் உண்மை; அதனால் சில தொட்டிகளில் நோய் அடங்கியது போலத் தோன்றி, ஏதேனும் ஒரு அதிர்ச்சியில் மீண்டும் வெளிப்படும். புற ஊதா விளக்கு நீரில் மிதக்கும் உயிரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. கிளீனர் இறால்கள் தோலுக்கு அடியிலுள்ள ஒட்டுண்ணியைப் பிடுங்கி எடுப்பதில்லை. பூண்டு இரையில் ஆர்வத்தைத் தூண்டலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க நான் தயாராக இல்லை.

ஆகவே வழி ஒன்றுதான்: மீன்கள் எல்லாவற்றையும் தொட்டியிலிருந்து எடுத்துத் தனியே நலமாக்குவது, தொட்டியை மீனில்லாமல் விட்டு ஒட்டுண்ணியைப் பட்டினியால் ஒழியவைப்பது. தொட்டியில் மருந்து எதுவும் சேராததால் முதுகெலும்பற்ற உயிர் ஒன்றுக்கும் இடர் இல்லை. புள்ளி தெரியும் மீனை மட்டும் எடுத்தால் போதாது. தடித்த சளிப் படலம் கொண்ட மாண்டரினின் உடலில் புள்ளிகள் அரிதாகவே தெரியும். இருந்தும் அதன் செவுளில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். ஒரே ஒரு மீன் உள்ளே தங்கினாலும் சுற்று அறுபடாது.

பாறை நிறைந்த தொட்டியில் மீன் பிடிப்பதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. கோமாளி மீன்கள் கடற்சாமந்தியை விட்டு அகலாததால், அதன் அருகே கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி மெல்ல உள்ளே ஒதுக்க முடிந்தது. மற்றவற்றுக்காகத் தொட்டி நீரில் பாதிக்கு மேல் சுத்தமான பீப்பாய்களில் இறக்கி வைத்தேன். மேலே இருந்த பவளப் பாறைகளை எடுத்து அந்நீரிலேயே மூழ்கவைத்தேன். சில நிமிடம் காற்றில் இருந்தும் பவளங்களுக்குக் கேடு வரவில்லை. நீர்மட்டம் தாழ்ந்ததும் டாங்குக்கு ஒளிய இடம் குறைந்தது. டாங்கின் வாலடியில் இருபுறமும் கத்தி போன்ற முள் உண்டு; வலையில் பிடித்தால் அது நூலில் சிக்கி மீனும் காயப்படும், விடுவிக்கும் கையும் காயப்படும். அதனால் வலையால் ஓட்டி, நீர் நிரம்பிய பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தேன். மாண்டரினையும் ஃபயர்ஃபிஷையும் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளிக் கைவிளக்குடன் தேடியபோது அவை தூங்கும் இடத்திலேயே கிடைத்தன.

மீன்களுக்குச் செம்பு மருத்துவம் செய்வதா, பெட்டி மாற்றும் முறையா என்று எண்ணிப் பார்த்தபோது, மாண்டரின் இருந்ததே முடிவைத் தந்தது. செதிலற்ற அந்த மீன் செம்பைத் தாங்குவதில் நலிவானது. பெட்டி மாற்றும் முறையில் வெண்புள்ளிக்கு மருந்தே தேவையில்லை, காலக்கணக்குதான் மருந்து. மீனை விட்டிறங்கிய ஒட்டுண்ணியின் கூடு திறக்கக் குறைந்தது 3 நாள் ஆகும் என்பதால், 72 மணி நேரம் நிறைவதற்குள் மீன்களை வறண்ட, தூய பெட்டியில் புதுநீருக்கு மாற்றினால், இறங்கியவை அனைத்தும் பழைய பெட்டியிலேயே தங்கிவிடும். முதல் நாள், பின்னர் 4, 7, 10, 13 ஆம் நாள்கள் என்று மாற்றிக்கொண்டே போனால், மீனின் மேலிருந்த கடைசி ஒட்டுண்ணியும் இறங்கி முடித்திருக்கும். புதிதாக ஏறுவதற்கு ஒன்றும் இருக்காது. வெல்வெட்டின் காலக்கணக்கு வேறு என்பதால் அதற்கு இம்முறை உதவாது. அங்கே செம்போ குளோரோகுயினோ தேவை.

மூடியுள்ள 40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிகள் நான்கு வாங்கினேன். ஒன்றில் டாங்கும் ஃபயர்ஃபிஷும், மற்றொன்றில் கோமாளிகளும் மாண்டரினும். மீதி இரண்டு, அடுத்த மாற்றத்துக்காகக் காய்ந்து கிடக்கும். மணல், பாறை, வடிகட்டி எதுவும் வைக்கவில்லை. ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் முழங்கைகள், காற்றுக்கல், வெப்பமானி, அம்மோனியாவைக் காட்டும் ஒட்டுப்பட்டை ஆகியவை மட்டுமே. இவை யாவும் இரண்டு தொகுப்புகள். ஒரு தொகுப்பு மற்றதைத் தொடக்கூடாது. ஃபயர்ஃபிஷ் துள்ளும் மீன் என்பதால் மூடிக்குப் பதிலாக நுண்ணிய வலைச்சட்டம் இட்டேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் 80 லிட்டர் புதுநீர் வேண்டும், அதற்கு ஏறத்தாழ 3 கிலோ உப்பு. சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது; அதை வெறும் குளோரின் நீக்கியால் உடைத்தால் அம்மோனியா எஞ்சும், அதுவும் வடிகட்டியில்லாத பெட்டியில் சேரும். ஆகவே கரிவடிகட்டியோடு கூடிய ஆர்ஓ நீரையே பயன்படுத்தினேன். உப்பைக் கலந்து ஓர் இரவு முழுவதும் காற்றோட்டம் கொடுத்து, காலையில் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 காட்டுகிறதா, வெப்பநிலை பழைய பெட்டியோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் மீன்களை மாற்றினேன். நீரின் குணம் ஒத்திருந்தால் படிப்படியாகப் பழக்கத் தேவையில்லை, நேராக விடலாம். வீட்டின் அறை வெப்பமே 29 பாகையைத் தொடும் ஊரில் ஹீட்டருக்கு வேலையில்லை, சிறு மின்விசிறிதான் தேவைப்பட்டது. விசிறி வீசினால் நீர் ஆவியாகி உப்பு ஏறும் என்பதால், தினமும் நன்னீரால் நீர்மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மாற்றத்தை எப்போதும் விடியற்காலையில், அறை விளக்கைப் போடுமுன் செய்தேன். இரவில்தான் ஒட்டுண்ணிகள் மிகுதியாக இறங்குகின்றன. அவை இறங்கிய உடனேயே மீன்களை அகற்றிவிடுவது நல்லது. மீனோடு போகும் பழைய நீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பழைய நீரைக் கொட்டியபின் பெட்டியையும் குழாய்களையும் பிளீச் கலந்த நீரில் கழுவி, நன்னீரில் பலமுறை அலசி, துணி காயவைக்கும் இடத்தில் வெயில் படும்படி முற்றாக உலரவிட்டேன். உலர்த்துவதே இங்கே உண்மையான கிருமிநீக்கம். துளைகளில் ஈரம் தங்கும் காற்றுக்கல்லை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றிவிட்டேன். அதன் விலை ஒரு மீனின் விலைக்கு முன் ஒன்றுமேயில்லை.

அம்மோனியாதான் இப்பெட்டிகளின் பெரிய எதிரி. கடல்நீரின் கார அமிலநிலை (pH) 8.1, 8.2 என இருக்கும்போது, அதுவும் நம் வெப்பத்தில், அம்மோனியாவில் நஞ்சான பங்கு நன்னீரில் இருப்பதைவிட மிகுதி. குறைவாக இரையிட்டு, தின்னாததைச் சிறு குழாயால் உடனே உறிஞ்சி எடுத்தேன். டாங் முதல் மாற்றத்துக்குப் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கிடந்தது. முதன்முறை பார்ப்பவர்களை இது நடுங்கவைக்கும், ஆனால் அஞ்சும்போது அப்படிப் படுப்பது ப்ளூ டாங்குகளின் இயல்பு. மதியத்துக்குள் எழுந்து நோரி பாசித்தாளைக் கடிக்கத் தொடங்கியது.

மாண்டரினுக்கு உணவூட்டுவதில் நான் மிகவும் கவலை கொண்டேன். நாள் முழுவதும் பாறையில் ஊரும் நுண்ணிய கோபிபாடுகளைக் கொத்தித் தின்னும் மீன் அது. வெறும் பெட்டியில் நோயால் சாவதற்கு முன் பட்டினியால் செத்துவிடும். அதற்காக உப்புநீர் இறால் முட்டைகளைத் தினமும் பொரிக்கவைத்தேன். நம் வெப்பத்தில் ஒரு நாளிலேயே பொரிந்துவிடும். மீனே இல்லாத ஜாடியில் வளர்த்த கோபிபாடுகளையும் இட்டேன். பவளத்தொட்டியில் அவை ஏராளமாக இருந்தும் அங்கிருந்து ஒரு சொட்டு நீரையும் எடுக்கவில்லை. உறைந்த மீன்முட்டைகளைத் தின்ன அது மெல்லக் கற்றுக்கொண்டபின் வயிற்றின் குழி மறைந்தது, எனக்கும் ஆறுதல் பிறந்தது.

இந்தப் பெட்டிகளில் முதுகெலும்பற்ற உயிர் எதுவும் இல்லை என்பதால் இன்னொரு வேலையையும் முடித்துக்கொண்டேன். டாங்கின் ஒரு கண் சற்று மங்கியிருந்ததால், நெயோபெனெடெனியா போன்ற தட்டைப்புழுக்கள் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. வெப்பநிலையும் கார அமிலநிலையும் ஒத்த நன்னீரில் 5 நிமிடம் அதை வைத்தபோது, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்த புழுக்கள் வெண்மையாக மாறி அடியில் உதிர்ந்தன. இந்த நன்னீர்க் குளியல் தோலுக்கடியிலுள்ள வெண்புள்ளியைக் குணப்படுத்தாது; புழுக்களைக் காட்டிக்கொடுக்கும், ஓரளவு குறைக்கும். பின்னர் இரண்டு மாற்றங்களின்போது, இடையே ஏறத்தாழ ஒரு வாரம் வருமாறு, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிராசிகுவான்டெல் என்னும் புழுமருந்தை இட்டேன். முட்டைகளை அது கொல்லாது. அதனால்தான் இரண்டாம் முறை. நீரில் ஆக்சிஜன் குறையக்கூடும் என்பதால் காற்றோட்டத்தைக் கூட்டினேன். இம்மருந்தைப் பவளத்தொட்டியில் இடுவோர் உண்டு. பவளங்கள் பெரும்பாலும் தாங்கினாலும் குழாய்ப்புழுக்கள் சில இறக்கும், இறந்த புழுக்கள் நீரைக் கெடுக்கும். தனிப்பெட்டியில் அந்த அச்சமில்லை.

13 ஆம் நாள் மாற்றத்தில் மீன்கள், பவளத்தொட்டிக்குத் திரும்பும்வரை தங்குவதற்கான காத்திருப்புத் தொட்டிக்குச் சென்றன. அத்தொட்டியைப் பெட்டி மாற்றங்கள் தொடங்குமுன்பே, கடையில் கிடைக்கும், அம்மோனியாவை மாற்றும் நைட்ரஜன் சுழற்சிப் பாக்டீரியாவும் அம்மோனியம் குளோரைடும் இட்டுத் தயார் செய்திருந்தேன். பவளத்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சை எடுத்துப் பயன்படுத்துவது விரைவான வழிதான், ஆனால் அந்தப் பஞ்சில் கூடுகள் ஒட்டியிருக்கும். காத்திருப்புத் தொட்டியை வேறு அறையில் வைத்து, எப்போதும் அதன் வேலையை முதலில் முடித்துக் கைகழுவியபின்தான் பவளத்தொட்டியில் கைவைத்தேன்.

மீனில்லாத தொட்டிக்கு 76 நாள் என்பது கடல்மீன் வளர்ப்போரிடையே நிலைத்துவிட்ட கணக்கு. 27 பாகை வெப்பத்தில் 45 நாள் போதும் என்போரும் உண்டு. வெப்பம் கூடினால் கூடுகள் விரைவில் திறக்கும் என்பது சரியே. ஆனால் அதற்காக நீரைச் சூடாக்கினால் பவளம் வெளுக்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை 27 பாகையில் வைத்து நீண்ட கணக்கையே கடைப்பிடித்தேன். அவசரத்தால் ஒரு கூடு தப்பினாலும் பிடித்தல், மாற்றுதல் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் துன்பத்தை மீன்களுக்கு மறுபடி தர எனக்கு விருப்பமில்லை.

அக்காலத்தில் தொட்டியை மறந்துவிடக்கூடாது. மீனின் கழிவு நின்றதும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சரியத் தொடங்கும். இரண்டும் பூச்சியத்தைத் தொட்டால் பவளம் நிறமிழக்கும், டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரிகளின் பழுப்பு நிறப் படலம் மணலை மூடும். எனவே மீன்கள் இருந்தால் எவ்வளவு இடுவேனோ அதற்கு நெருக்கமாகவே உறைந்த இரையை இட்டு வந்தேன். இறால்களும் நண்டுகளும் அதைத் தின்று அதன் கழிவைத் தந்தன. கடற்சாமந்திக்கு வாரம் ஒருமுறை சிறு இறால் துண்டு. நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் வேகத்தைக் குறைத்தேன். ஈரமான எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. ஒரு நத்தையின் ஓட்டில் வரும் கூடு, நாள்கணக்கை மீண்டும் முதல் நாளுக்குத் தள்ளிவிடும். மீன்கள் கொத்தாததால் பாறையெங்கும் கோபிபாடுகள் பெருகி, இரவில் விளக்கடித்தால் கண்ணாடியில் கூட்டம் கூட்டமாக ஊர்ந்தன.

மாண்டரினை முதலில் விட்டேன், மற்றவை அந்த இரையைப் பகிர்வதற்கு முன் அது உடல் தேறட்டும் என்று. கோமாளிகள் கடற்சாமந்தியிடம் நேராகப் போகவில்லை. நெடுநாள் பிரிந்திருந்ததால் அதன் கொட்டும் இழைகளுக்கு மீண்டும் பழக வேண்டியிருந்தது. துடுப்பால் தொட்டும் விலகியும் பழகி, பிறகு உள்ளே புகுந்தன. டாங்கைக் கடைசியாக விட்டேன். சில மாதம் கழித்துச் சில்லர் நின்று நீர் 30 பாகைக்கு ஏறியபோது டாங் நிறம் மங்கிப் பாறைக்குள் ஒடுங்கியது. அடங்கிக் கிடக்கும் வெண்புள்ளி வெளிப்படுவதற்கு அதைவிட ஏற்ற தருணம் இல்லை. தொடர்ந்து கவனித்தும் ஒரு புள்ளியும் தோன்றவில்லை.

இப்போது நத்தை, நண்டு, பவளத்துண்டு என எது வந்தாலும், மீன்கள் இல்லாத 30 லிட்டர் தொட்டியில் அதே 76 நாள் இருந்தபின்தான் பவளத்தொட்டிக்குப் போகிறது. அத்தொட்டிக்குத் தனி வலையும் தனி வாளியும் ஒதுக்கி, கைப்பிடிகளில் சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறேன். புதிய மீன் வாங்கினால் அதற்கு அந்த நான்கு பிளாஸ்டிக் பெட்டிகளும் இருக்கின்றன.